அவதார் கார்ட்டூனில் ஒவ்வொரு நாட்டாரும் ஏன் வேறு வேறு மாதிரிச் சண்டை போடுகிறார்கள்?

‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ கார்ட்டூனை இப்போது பிள்ளைகளோடு திரும்பப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்வி இது.

அதில் வரும் ‘பெண்டிங்’ என்பது நீர், நிலம், நெருப்பு, காற்றை உடலசைவால் ஆட்டிவைக்கும் வித்தை; ஒவ்வொரு நாட்டாருக்கும் இவற்றில் ஒன்று. மந்திரம் எதுவும் இல்லை, பிறவியிலேயே அந்தத் திறன் உள்ளவர்கள் சரியாக அசைந்தால் போதும். அந்த அசைவுகள் வெறும் கற்பனையும் அல்ல, உண்மையான சீனத் தற்காப்புக் கலைகளிலிருந்து எடுத்தவை. நீருக்குத் தாய்ச்சி: வரும் விசையை எதிர்க்காமல் வளைத்துத் திருப்பிவிடுவது. நிலத்துக்கு ஹங் கார்: காலை அகட்டி, ஊன்றி நிற்பது. நெருப்புக்கு எட்டி அடிக்கும் வட ஷாவோலின், காற்றுக்கு வட்டமடித்து நடக்கும் பாகுவா. நிலத்தை ஆட்டுபவர்களில் டோஃப் என்ற கண் தெரியாத சிறுமி மட்டும் விதிவிலக்கு. அவளுடையது கும்பிடுபூச்சிப் பாணி. சின்ன வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது, எல்லாமே அடிதடிதான்!

மட்டக்களப்பில் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். களரியில், அதாவது கூத்தாடும் களத்தில், ஒருவர் ஆடத் தொடங்கியதுமே அது கூத்தின் இரு பாணிகளில் வடமோடியா தென்மோடியா என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள்; காலடியே காட்டிக்கொடுத்துவிடும். இங்கும் அப்படித்தான். சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு சண்டைக் காட்சியைப் பாருங்கள், யார் எந்த நாடு என்று நிற்கிற நிலையிலேயே தெரியும்.

அப்புறம், பலரும் நினைப்பதுபோல இது ஜப்பான் அனிமே அல்ல. 2005 முதல் 2008 வரை 61 அத்தியாயங்களாக வந்த, அமெரிக்காவின் நிக்கலோடியன் தயாரிப்பு.