பழங்குடியினர் வாழும் மழைக்காட்டில் நடக்க உள்ளூர் வழிகாட்டி கட்டாயமா? அந்தக் கட்டணம் வீண்தானே?

கைப்பேசியில் வரைபடம் இருக்கும்போது வழிகாட்டி எதற்கு, இது பணம் பறிக்கும் ஏற்பாடுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இன்னும் மலைக்காட்டில் நடந்ததில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். நானும் காட்டு நிபுணன் அல்லன், கடலூர் தேவனாம்பட்டினத்துக்காரன். வெள்ளிக் கடற்கரையில் குளிக்க இறங்கும் வெளியூர்க்காரர்களிடம் "இன்றைக்கு நீரோட்டம் சரியில்லை, ஏறுங்கள்" என்று எங்கள் மீனவர்கள் சொன்னால், "அலையே இல்லையே" என்று வாதாடுவார்கள். உங்கள் கேள்வியிலும் அதே குரல் கேட்டதால்தான் எழுதுகிறேன்.

புதுச்சேரியிலிருந்து கிளம்பிய ஒரு குழுவோடு பறம்பிக்குளம் போயிருந்தேன். அது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள புலிகள் காப்பகம் என்றாலும், சாலைவழி பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டுக் காட்டுக்குள்தான் போகிறது. எங்களோடு வந்த வழிகாட்டி காடர் என்னும் பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்தவர்; ஐம்பது வயதிருக்கும், தமிழும் மலையாளமும் சரளமாகப் பேசினார். அட்டைகளுக்குப் பயந்து நாங்கள் முழங்கால்வரை புகையிலைத் தூளைப் பூசிக்கொண்டிருக்க, அவர் வெறுங்காலோடு முன்னே நடந்தார்.

பசுமைமாறாக் காட்டுக்குள் சிறிது தூரம் போனதும் அவர் நின்றுவிட்டார். பாதையோரம் ஒடிந்து கிடந்த கிளையின் முறிவைத் தொட்டுப் பார்த்தார்; காற்று வரும் திசையில் முகத்தைத் திருப்பிச் சற்று நேரம் அசையாமல் இருந்தார். பிறகு, "திரும்பிவிடலாம் சார், யானை குட்டியோடு நிற்கிறது" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். எங்களில் ஒருவர், பேசிய தூரம்வரை கூட்டிப்போகாமல் பாதியில் திருப்புவது நியாயமா என்று சண்டைக்கே போய்விட்டார். வழிகாட்டி பதில் பேசாமல், எங்களை முன்னே விட்டுத் தாம் பின்னால் வந்தார்.

யானையை நாங்கள் பார்க்கவேயில்லை. அப்படியானால் அவர் பொய் சொல்லியிருக்கலாமே என்று இங்கே சிலர் கேட்பார்கள். அந்த அடர்த்தியில் இருபது அடிக்கு அப்பால் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. மேயும் யானை பல நேரம் ஓசையே எழுப்பாது. கண்ணால் பார்க்கும் தூரத்துக்குப் போன பிறகு திரும்புவதற்கு வழிகாட்டி தேவையில்லை. நடையைக் குறைத்ததால் அவருக்குக் கூடுதலாக ஒரு ரூபாயும் கிடைக்கப்போவதில்லை, வசவுதான் கிடைத்தது.

திரும்பும் வழியிலும் ஓரிடத்தில் சுற்றிப் போகச் செய்தார். மேலே ஒரு மரப்பொந்தில் இருவாச்சி கூடு கட்டியிருந்ததாம். பெண் பறவை பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு முட்டையிட்டு அடைகாக்கும் அந்த மாதங்களில், சிறு பிளவின் வழியாக ஆண் பறவை ஊட்டும் பழம்தான் அதற்கும் பின்னர் பிறக்கும் குஞ்சுக்கும் முக்கிய உணவு. கீழே ஆள் நடமாட்டம் இருந்தால் ஆண் பறவை கூட்டை அண்டத் தயங்கும். பக்கத்து வாழச்சால் காட்டில் இந்தக் கூடுகளைக் கண்காணித்துக் காப்பவர்களும் காடர்களே. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், தேன் போன்ற சிறு வனப்பொருள்களைச் சேகரிப்பதோடு, தங்கள் சமூகக் காட்டைக் காக்கும் உரிமையும் இவர்களுக்கு உண்டு என்று ஏற்றிருக்கிறது. ஆகவே நீங்கள் கொடுப்பதை வெறும் வழிகாட்டும் கூலியாக நினைக்காதீர்கள்.

வழிகாட்டிகள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பணம் பறிப்பதைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்றால், என் மனத்தாங்கல் வேறிடத்தில் இருக்கிறது. எங்களை அழைத்துப்போன பயண ஏற்பாட்டாளர் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்தார். காடர் குடியிருப்பில் கேட்காமலே படம் எடுத்து அடுத்த பயணத்துக்கு விளம்பரமும் செய்தார். எங்கள் பணத்தில் வழிகாட்டிக்கு எவ்வளவு போனது என்று இரண்டு முறை கேட்டுவிட்டேன். இன்றுவரை பதில் வரவில்லை. நீங்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்பே அதைக் கேட்டுவிடுங்கள்.