ஏஜியன் கடலுக்கு எந்த மாதம் போகலாம்? – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

அடுத்த ஆண்டு மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், எழுபது வயதைக் கடந்த அம்மா ஆகியோருடன் பத்து நாட்கள் கிரேக்கத் தீவுகளுக்குப் போக நினைக்கிறோம். ஜூலை, ஆகஸ்ட்தான் சீசன் என்கிறார் டிராவல் ஏஜென்ட். எங்களுக்கு மே விடுமுறை வசதி. பிள்ளைகளின் ஒரே ஆசை கடலில் குளிப்பது. எப்போது போவது நல்லது?

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு கிளம்புங்கள். செப்டம்பர் கடைசி வாரமும் அக்டோபர் முதல் சில நாட்களும்தான் உங்கள் குடும்பத்துக்கு ஏற்றவை. காலாண்டு விடுமுறை பத்து நாட்களுக்குப் போதாவிட்டால், பள்ளியில் இரண்டொரு நாள் விடுப்புக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அளவுக்கு இந்த நாட்கள் முக்கியமானவை.

மே மாதத்தில் வெயில் இதமாக இருக்கும், கூட்டமும் குறைவு. ஆனால் கடல் அப்போது தயாராகியிருக்காது. கனமான இரும்புத் தோசைக்கல்லைப் போல அது மெதுவாகச் சூடேறி மெதுவாகவே ஆறும். கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையிலுள்ள ஏஜியன் கடலின் நீர் மே நடுவில் சுமார் 19 டிகிரிதான். கோவைப் பிள்ளைகள் முழங்கால் வரை இறங்கிவிட்டுக் கரைக்கு ஓடி வந்துவிடுவார்கள். நீர் நன்றாகச் சூடேற ஆகஸ்ட் ஆகிவிடும். செப்டம்பர் முடியும்போதும் 23, 24 டிகிரி இருக்கும். வெயிலின் கடுமை தணிந்து, நீரின் வெப்பம் மட்டும் மீதமிருக்கும் காலம் அது.

அப்படியானால் ஆகஸ்டிலேயே போனால் என்ன? ஒரு காரணம் காற்று. மெல்டெமி என்ற வடகாற்று ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் முழுவதும் வீசும். அரிஸ்டாட்டில் காலத்திலேயே விவாதிக்கப்பட்ட காற்று இது. நமக்கும் அதற்கும் உறவு உண்டு. நம் தென்மேற்குப் பருவமழையை இழுத்துவரும் கோடைத் தாழ்வழுத்தம் ஈரானைத் தாண்டித் துருக்கி வரை நீள்கிறது. மறுபுறம் கிரேக்கத்துக்கு வடக்கேயுள்ள பால்கன் நிலப்பகுதியில் உயரழுத்தம் நிற்கிறது. இரண்டுக்கும் இடையில் அகப்பட்ட ஏஜியன் மீது காற்று வடக்கிலிருந்து பாய்கிறது. வானம் தெளிவாகவே இருக்கும், மழையும் இருக்காது. ஆனால் வடக்கு நோக்கிய கடற்கரைகளில் மணல் முகத்தில் அறையும், அலை புரளும். காற்று வலுத்தால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களைத் தடுத்துவிடுவார்கள். முதலில் நிற்பவை வேகப் படகுகள். வயதான அம்மாவுடன் துறைமுகத்தில் காத்துக்கிடக்கும் நிலை வேண்டாம்.

வெப்பம் இன்னொரு காரணம். 2023 ஜூலையிலும் 2024 ஜூனிலும் ஏதென்ஸின் பழங்காலக் குன்றுக்கோட்டையான அக்ரோபோலிஸையே நண்பகல் நேரத்தில் மூட வேண்டியதாயிற்று. அதே 2024 ஜூனில் தீவுகளில் வெயிலில் நடக்கப் போன சில பயணிகள் உயிரிழந்தார்கள். அம்மாவை அந்த வெயிலுக்கு அழைத்துப்போவதை நான் ஒப்பவே மாட்டேன். போதாததற்கு, ஆகஸ்ட் 15 மாதாவின் திருநாள். ஏதென்ஸ்காரர்களே தீவுகளுக்குக் கிளம்பிவிடுவார்கள். புகழ்பெற்ற மாதா கோயில் இருக்கும் டீனோஸ் தீவில் பக்தர்கள் குவிவார்கள். அந்த வாரங்களில் அறையும் கப்பல் டிக்கெட்டும் கிடைப்பது கடினம்.

செப்டம்பரிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2020 செப்டம்பரில் இயானோஸ் புயல் கிரேக்கத்தின் மேற்குக் கரையோரத் தீவுகளான கெஃபலோனியா, சாகிந்தோஸ் பக்கம் பெரும் சேதம் விளைவித்தது. 2023 செப்டம்பரில் டேனியல் புயல் கிரேக்க நிலப்பகுதியின் நடுவிலுள்ள தெசலிச் சமவெளியை மூழ்கடித்தது. மேற்குத் தீவுகளில் பொதுவாகவே மழை அதிகம், இலையுதிர்காலத்தில் அது சீக்கிரம் தொடங்கிவிடும். ஆகவே அந்தப் பருவத்தில் கோர்ஃபு பக்கம் போகாமல், ஏஜியன் நடுவே உள்ள வறண்ட சைக்ளேட்ஸ் தீவுகளையும் கிரீட் தீவையும் தேர்ந்தெடுங்கள்.

சைக்ளேட்ஸில் நாக்சோஸ்தான் என் தேர்வு. ஊரை ஒட்டியே இருக்கும் அகியோஸ் யோர்கியோஸ் கடற்கரையில் நீர் வெகுதூரம் ஆழமில்லாமல் போகும். பிள்ளைகள் பயமின்றி விளையாடலாம், அம்மா நிழலில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். சாண்டொரினி அழகுதான். ஆனால் படிகள் ஏராளம், உல்லாசக் கப்பல்கள் கொண்டுவந்து இறக்கும் கூட்டமும் அதிகம். ஒரு நாள் போதும். மீதி நாட்களைக் கிரீட்டுக்குக் கொடுங்கள். தெற்கே இருப்பதால் அங்கே கடல் அக்டோபரிலும் குளிக்கத் தகுந்ததாக இருக்கும். பயணத்தை அக்டோபர் நடுப்பகுதிக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம். கப்பல்கள் குறையும், நவம்பரில் சிறு தீவுகளின் விடுதிகள் பெரும்பாலும் அடைத்துவிடும்.

மே மாதத்தில்தான் முடியும் என்றால் பிள்ளைகளிடம் முன்கூட்டியே உண்மையைச் சொல்லிவிடுங்கள். அது கடலுக்கான பயணம் அல்ல. கிரீட்டிலுள்ள பழங்கால க்னோஸோஸ் அரண்மனையையும் சைக்ளேட்ஸின் டிலோஸ் தீவிலுள்ள இடிபாடுகளையும் வாடாமல் சுற்றிப் பார்க்கலாம், அதுவும் அருமையான அனுபவமே.

கிரேக்கம் போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், தாமதிக்க வேண்டாம். செப்டம்பர் இறுதியில் ஏழு மணி வாக்கில் சூரியன் மறைந்ததும் குளிர் தெரியும், அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். தீவிலிருந்து கப்பலில் வந்து அன்றைக்கே விமானம் ஏறுவதுபோல் திட்டமிடாதீர்கள். கடைசி இரவு ஏதென்ஸில் தங்குங்கள்.