வேதம் தடுக்காததைத் தடுக்கலாமா? காசிமேட்டுச் சகோதரிக்கு ஒரு பதில்

காசிமேட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் மீன்பிடித் துறைமுகத்தில் சுமை தூக்குகிறார். பல ஆண்டுகளாகத் தினமும் ஒரு குவார்ட்டருக்குக் குறையாமல் குடிக்கிறார். காலையில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் கைநடுக்கம் நிற்கிறது. “கானாவூர்க் கலியாணத்தில் இயேசுவே திராட்சரசம் உண்டாக்கினார், பவுலும் தீமோத்தேயுவைக் குடிக்கச் சொன்னார், நீ யார் தடுக்க?” என்று கணவரின் அண்ணன் கேட்கிறார். சபை மூப்பரோ, டிசம்பர் 31 இரவு ஆராதனையில் பொருத்தனை, அதாவது கர்த்தருக்கு நேர்ந்து வாக்கு, செய்து அன்றோடு குடியை விட்டுவிட வேண்டும் என்கிறார். இதற்கிடையே ஒருவர் வந்து, முன்பணம் கொடுத்தால் வண்டி அனுப்பி ஆளை அழைத்துப்போய், மூன்று மாதம் ஜெப இல்லத்தில் வைத்துத் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இவர்களில் யார் பேச்சைக் கேட்பது என்பது சகோதரியின் கேள்வி. நான் போதகனாகவும் குடிநோய் ஆலோசகனாகவும் இந்த வடசென்னையில்தான் ஊழியம் செய்கிறேன். மூவர் பேச்சையும் அப்படியே கேட்க வேண்டாம் என்பதே என் பதில்.

முதலில் அண்ணனுக்கு. வேதம் திராட்சரசத்தை முழுவதுமாக விலக்கவில்லை என்பது உண்மைதான். அது மனுஷனுடைய இருதயத்தை மகிழ்ச்சியாக்கும் என்று 104ஆம் சங்கீதமே சொல்கிறது. ஆனால் அந்நாட்களில் வடித்து இறக்கிய சாராயம் கிடையாது. நொதித்த திராட்சை ரசம்தான் இருந்தது. அதையும் பெரும்பாலும் தண்ணீர் கலந்தே பருகினார்கள். டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தியில் நூற்றுக்கு 42.8 பங்கு ஆல்கஹால். 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் உடம்புக்குள் போகிறது. தண்ணீர் கலக்காத திராட்சை மதுவில் அதே அளவு ஆல்கஹால் சேர வேண்டுமானால் 600 மில்லிக்கு மேல் குடித்தாக வேண்டும். தீமோத்தேயுவுக்குப் பவுல் சொன்னது, வயிற்றுக்காகவும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்காகவும் “கொஞ்சம்” என்பது மட்டுமே. அதே பவுல், தன் சகோதரன் இடறுவதற்கு ஏதுவானால் மதுபானம் பண்ணாமலிருப்பதே நல்லது என்று ரோமர் 14ஆம் அதிகாரத்தில் எழுதியதை அண்ணன் ஏன் விட்டுவிடுகிறார்? தம்பியின் கை காலையில் நடுங்குவதை அவரும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்? உங்கள் வீட்டைப் பொறுத்தவரை பதிலில் சந்தேகமே இல்லை: உங்கள் கணவர் குடிக்கக் கூடாது, ஒரு மடக்கும் கூடாது. அண்ணனும் இந்த வீட்டில் குடிக்கக் கூடாது.

ஆனால் மூப்பர் சொல்கிற வழியில் அதை நிறுத்தக் கூடாது. சகோதரி இதை நிதானமாக வாசிக்க வேண்டும். காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது என்றால், மது இல்லாமல் இயங்க முடியாத நிலைக்கு மூளை பழகிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்டவர் திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்தே வியர்வையும் படபடப்பும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, சுவரில் பூச்சி ஊர்வதாகவும் யாரோ வாசலில் நிற்பதாகவும் தெரியும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். புத்தி தடுமாறும் இந்தக் கட்டத்தைத்தான் நம் ஜனங்கள் பிசாசின் கிரியை என்று எடுத்துக்கொண்டு, ஆளைப் பாயில் படுக்கவைத்து, நான்கு பேர் கைகாலைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர்கூடக் கொடுக்காமல் விடிய விடிய உபவாச ஜெபம் செய்கிறார்கள். ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். மருத்துவமனைக் கட்டிலின் அருகில் நின்று ஜெபியுங்கள். டிசம்பர் 31 வரை காத்திருக்காமல், இந்த வாரமே காலை நேரத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தினம் எவ்வளவு, கடைசியாக எப்போது, முன்பு வலிப்பு வந்ததுண்டா என்ற மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரையைச் சில நாட்கள் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் என்கிற பி1 வைட்டமினும் தருவார்கள். மருத்துவரைப் பார்க்கும் வரை நீங்களாகப் பாட்டிலைப் பிடுங்கி உடைக்க வேண்டாம்.

இனி அந்த முன்பணக்காரர். இவர் ஒரு புரோக்கர். ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று இல்லம் இவருக்குக் கமிஷன் கொடுக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, குடிநோயாளிகளை உள்ளே வைத்துச் சிகிச்சை தரும் இல்லம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சம்மதிக்காதவரைச் சேர்ப்பதற்குத் தனி நிபந்தனைகள் உண்டு. மனநல மருத்துவர் உட்பட இருவர் நேரில் பரிசோதித்துத் தேவை என்று சொல்ல வேண்டும். நள்ளிரவில் வேனில் நான்கு தடியர்கள் வந்து வாயைப் பொத்தித் தூக்கிப்போவது எந்தச் சட்டத்திலும் இல்லை, சுவிசேஷத்திலும் இல்லை. சங்கிலியால் கட்டுவதைச் சட்டம் பெயர் சொல்லியே தடை செய்கிறது. ஆனாலும் பெயரில் சிலுவையும் புறாவும் போட்ட ஓர் இல்லத்திலிருந்து கணுக்காலில் புண்ணோடு திரும்பிய சகோதரனுக்கு நான் மருந்து கட்டியிருக்கிறேன். அவர் மறுநாளே குடித்தார். அடியின் பயம் தெளிந்ததும் ஆசை அப்படியே இருந்தது. ஆகவே கேளுங்கள்: பதிவுச் சான்றிதழ் எங்கே, மருத்துவர் எந்த நாட்களில் வருகிறார், நான் எப்போது வந்து பார்க்கலாம், அவர் எனக்குப் போன் செய்யலாமா? “முதல் மாதம் பார்க்க விடமாட்டோம்” என்ற பதில் வந்தால் வாசலிலேயே திரும்பிவிடுங்கள்.

இந்தக் கூட்டத்திலேயே இன்னொரு வகையினர், குடியை மறக்கவைக்கும் என்று சொல்லி, குழம்பில் கலந்து கொடுக்க ஒரு பொடி விற்கிறார்கள். அதில், குடியை நிறுத்தியவர் மறுபடி குடிக்காமலிருக்கத் தரும் டைசல்ஃபிரம் மாத்திரை பொடியாக்கப்பட்டிருக்கலாம். அது தெரியாமல் உள்ளே போனவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து, இதயமே நின்றுபோகலாம். மருத்துவர் எழுதி, நோயாளி அறிந்து விழுங்க வேண்டிய மருந்து அது. கணவருக்குத் தெரியாமல் எதையும் கலக்காதீர்கள். உங்கள் மாமியார் வற்புறுத்தினாலும் கலக்காதீர்கள்.

புரோக்கர்கள் ஏன் பெருகுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2003 நவம்பரிலிருந்து சில்லறை மதுக்கடைகளை நடத்துவது அரசாங்கமே. பாட்டில் வாங்க ஒரு தெருவைத் தாண்டினால் போதும். அந்தப் பாட்டிலிலிருந்து மீளவோ ஒரு நாள் கூலியை விட்டு வரிசையில் நிற்க வேண்டும். சபைகளும் சளைத்தவை அல்ல. ஆண்டில் ஒரு ஞாயிறு மதுவிலக்குப் பிரசங்கம் செய்துவிட்டு, கமிட்டித் தேர்தல் விருந்தில் என்ன ஊற்றப்படுகிறது என்று கேட்காமல் இருந்துவிடுகிறோம். விழுந்தவனை மட்டும் சபைநீக்கம் செய்கிறோம். இது எனக்குத் தாங்கவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று மீதம் இருக்கிறது. குடியை நிறுத்திய பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அது, ஆராதனையில் அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்தின் கிண்ணம். நம் சபைகள் பலவற்றில் திராட்சை ரசத்தை வீட்டிலேயே செய்கிறார்கள். பன்னீர் திராட்சையைப் பிசைந்து, சர்க்கரையும் ஈஸ்டும் ஒரு பிடி கோதுமையும் சேர்த்து, பீங்கான் ஜாடியில் வேடுகட்டி மூன்று வாரம் வைப்பார்கள். அது ஜூஸ் அல்ல, நொதித்த மதுவேதான். பெரம்பூர் வீடுகளில் கிறிஸ்துமஸுக்குக் கொடுக்கும் ஒயினும் இதே வகை. டைசல்ஃபிரம் சாப்பிடுகிறவருக்கு அதில் ஒரு வாயும் ஆபத்து. சாப்பிடாதவருக்கும் அந்த வாசனை பழைய ஆசையைக் கிளப்பிவிடும். ஆகவே ஆராதனைக்கு முன்பே சபைப் போதகரைத் தனியாகச் சந்தித்து, ரசம் எப்படிச் செய்யப்பட்டது என்று கேளுங்கள். நொதிக்காத ரசம் கேட்பது விசுவாசக் குறைவு அல்ல. 1869இல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் சபையார் திராட்சைச் சாற்றைச் சூடாக்கி நொதிக்காமல் காத்தது திருவிருந்துக்காகத்தான். அதுவும் கிடைக்காவிட்டால் அப்பத்தை மட்டும் பெற்றுக்கொள்ளட்டும். கத்தோலிக்கத் திருச்சபையில் பூசைக்கு உண்மையான திராட்சை மதுவே வேண்டும் என்பது சட்டம். ஆனாலும் விசுவாசிகள் அப்பத்தை மட்டும் பெற்றாலும் முழு கிறிஸ்துவையே பெறுகிறார்கள் என்பது அவர்களுடைய போதனை. குடிநோயுள்ள குருவானவருக்கு, நொதித்தல் தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்ட சாற்றைப் பயன்படுத்த ஆயர் (பிஷப்) அனுமதி தரவும் வழி இருக்கிறது. குருவானவருக்கே வழி இருக்கும்போது உங்கள் கணவர் கூசவேண்டிய அவசியம் இல்லை.

மூப்பரிடம் பணிவாக இப்படிச் சொல்லுங்கள்: “ஐயா, மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு அவர் பொருத்தனை செய்யட்டும், அதுவரை வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து அவரோடு உட்காருங்கள்.” ராத்திரியில் அவருக்கு நடுக்கமோ உளறலோ கண்டால் மூப்பரை அழைப்பதற்கு முன் 108ஐ அழையுங்கள். உங்களுக்கே மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.