டப்பாவில் இருக்கும் லைசின், உடம்பில் சேரும் லைசின்

உணவு ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் பால் பவுடர் கேள்விகளெல்லாம் என்னிடம் வந்துவிடுகின்றன.

கேள்வி (ரோஸ் ஹில், மொரீஷியஸ்): ஐயா, புயல் காலத்துக்கென்று வாங்கி வைத்த பால் பவுடர் பழுப்பேறிக் கட்டி தட்டியிருக்கிறது. புரதம் போயிருக்குமா?

பதில்: புரதம் எங்கும் போகவில்லையம்மா, அதிலுள்ள லைசின் என்ற அமினோ அமிலம்தான் மாட்டிக்கொண்டது. பாலின் சர்க்கரை லைசினின் அமினோ நுனியைப் பிடித்துக்கொள்கிறது. நம் ஊர் வெக்கையும் ஈரமும் அதற்கு ரொம்பத் தோது. பிடிபட்டதை நம் உடம்பால் லைசினாகப் பயன்படுத்த முடியாது. பழுப்பு கண்ணில் படும் முன்பே இந்த நஷ்டம் தொடங்கிவிடும். குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (குவாத்ர் போர்ன்): ஆனால் லேப் ரிப்போர்ட்டில் லைசின் அவ்வளவாகக் குறையவில்லையே?

பதில்: அங்கேதான் ஏமாற்று. புரதத்தை வலுவான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 டிகிரியில் 24 மணி நேரம் வேகவைக்கிறோம். அதில் சர்க்கரை பிடித்த லைசினில் ஏறத்தாழப் பாதி விடுபட்டு, நல்ல பிள்ளையாக வெளியே வந்துவிடும். வராக்கடனையும் வரவில் எழுதுகிற கணக்குப்பிள்ளை மாதிரி! 1960-இல் கென்னத் கார்ப்பென்டர் இதற்கு வழி சொன்னார். அமிலத்துக்கு முன்பே ஃபுளூரோடைநைட்ரோபென்சீன் என்ற ரசாயனத்தை விட்டால், அது பிடிபடாத லைசினோடு சேரும். அப்புறம் வேகவைத்து ஈதரில் கழுவினால் குழாயில் மஞ்சள் நிற்கும். அந்த மஞ்சள் நிறத்தின் அடர்த்திதான் கணக்கு. முதல் தடவை கையுறையில் இருந்த ஓட்டையை நான் கவனிக்கவில்லை. விரலில் மஞ்சளோடு கொப்புளமும் வந்தது.

கேள்வி: கோழித் தீவன மீன்தூளுக்கும் இது போதுமா அண்ணா?

பதில்: லைசினுக்குப் போதும். மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் வேறு கதை. அது ஆக்சிஜன் ஏறி சல்ஃபாக்சைடாகும், முற்றினால் சல்ஃபோனாகும். முதலாவதை எலி ஓரளவு பயன்படுத்தும், இரண்டாவது வீண். வழக்கமான சோதனையிலோ நாமே பெர்ஃபார்மிக் அமிலம் ஊற்றி எல்லாவற்றையும் சல்ஃபோனாக்கித்தான் எண்ணுகிறோம். பிறகு நல்லது எது, கெட்டது எது? குஞ்சுகளுக்குப் போட்டு எடை பார்ப்பதைத்தான் நான் நம்புவேன்.

கேள்வி: எச்சத்தைச் சோதித்தால் தெரியாதா?

பதில்: பெருங்குடல் கிருமிகள் கணக்கைக் குழப்பிவிடும். அதனால்தான் சிறுகுடல் முடிகிற இடத்தில் செரித்தது போக மீதியை எடுத்துப் பார்க்கிறார்கள். அதுவும் முழுக்கணக்கு இல்லை: சர்க்கரை பிடித்த லைசின் கொஞ்சம் ரத்தத்தில் ஏறி, அப்படியே சிறுநீரில் போய்விடும்.

கேள்வி: அப்படியானால் தவாவில் சுடுகிற டால் பூரி (பருப்பு வைத்த மைதா ரொட்டி) சாப்பிடலாமா?

பதில்: சாப்பிடுங்கள். பருப்பில் லைசின் தாராளம், மைதாவில்தான் பஞ்சம். தவாவில் அது கிடப்பது கொஞ்ச நேரம்தானே!