சூப்பர்கிக் ஆறு, கைத்தட்டல் ஒண்ணும் இல்லையா?

சுங்கை சிப்புட் தம்பி, தோட்டத்து மண்டபத்துல நடந்த உங்க ரெஸ்லிங் ஷோவுல ஆளுக்கு ஆறு சூப்பர்கிக் (தாடையைப் பார்த்து விடுற உதை) போட்டும் கூட்டம் கைப்பேசியைத்தான் பார்த்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. கூட்டத்து மேல தப்பு இல்ல. முதல் உதை வாங்கினவன் உடனே எழுந்து ஓடினா, அடுத்த அஞ்சை யாரு நம்புவா?

எண்பதுகள்ல ரெஸ்லர் ஜேக் ராபர்ட்ஸ் டிடிடி (எதிராளி தலையை அக்குள்ல இடுக்கி, தரையில மோதுற மாதிரி விழுறது) போட்டா ஆட்டம் முடிஞ்சுது. இப்ப அது நடுவுல வந்து போற அடி. 1987 ரெசில்மேனியா 3 ஷோவுல ரெஸ்லர் ஹல்க் ஹோகன், ராட்சச உடம்புக்காரரான ஆண்ட்ரேயைத் தூக்கிப் போட்டது வெறும் பாடிஸ்லாம்தான். ஆனா ஆரம்பத்துலயே தூக்கப் பார்த்து, முடியாம, அவருக்கு அடியில நசுங்கி, முதுகைப் பிடிச்சுக்கிட்டுத் தவிச்சாரு. அதனாலதான் கடைசில தூக்கினது பெருசாச்சு.

நீங்களும் அப்படி ஒரு கதைக்கு, ஒரு கால் முட்டியை எடுத்துக்குங்க. அஞ்சாவது நிமிஷம் அடிபட்டா பதினஞ்சாவது நிமிஷமும் நொண்டணும். அந்தக் காலாலயே உதைச்சுட்டு, உதைச்சவனும் சுருண்டு விழட்டும். எதிராளி தோளைத் தரையில அழுத்தி 'பின்' போட அவன் ஊர்ந்து வர்றதுக்குள்ள எதிராளி மூச்சு வாங்கிடுவான்; நடுவர் மூணு எண்ணி முடிக்கிறதுக்குள்ள தோளைத் தூக்கிடுவான். எங்க லயத்துப் பாட்டி டிவில அடிக்கெல்லாம் அசர மாட்டாங்க, எவனாவது நொண்டினா மட்டும் "ஐயோ, கால்டா!"ன்னு கத்துவாங்க.

சூப்பர்கிக் ராத்திரிக்கு ஒண்ணு போதும். யாருக்குன்னு முன்னாடியே பேசிக்குங்க. அந்த கனடியன் டெஸ்ட்ராயரை (எதிராளியைப் பிடிச்சுக்கிட்டே குட்டிக்கரணம் அடிச்சு, அவன் தலையைத் தரையில இறக்குற அடி) மட்டும் சிமெண்டுத் தரையில பழகாதீங்க, கழுத்து போயிடும்.