செத்தும் தீராத சந்தேகங்கள்: கேள்வி-பதில்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டில் செத்தவர்களை ஸ்பெல் (மந்திரம்) போட்டு எழுப்புவது பற்றி வந்த கேள்விகள் இவை. ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். எந்தப் பதிப்பு என்று பாதிப் பேர் எழுதவே இல்லை.

ஃபைட்டர் (போர்வீரன்) செத்து அரை நிமிடம் ஆகிவிட்டது. செத்த ஒரு நிமிடத்துக்குள் ரிவிவிஃபை போட்டு எழுப்ப, கிளெரிக்கிடம் (பூசாரி) மூன்றாம் லெவல் ஸ்லாட் (ஸ்பெல் போடும் வாய்ப்பு) இல்லை. வழி உண்டா?

பிணத்தைக் கெடாமல் காக்கும் ஜென்டில் ரிப்போஸ் ஸ்பெல். இரண்டாம் லெவல் ஸ்லாட் போதும், அது நீடிக்கும் பத்து நாளும் அந்த ஒரு நிமிடக் கெடுவில் சேராது. நன்றாகத் தூங்கி எழுந்து ரிவிவிஃபை போடலாம். விதியில் ‘நாட்கள்’ என்றுதானே இருக்கிறது, நிமிடக் கெடுவுக்குச் செல்லுமா என்று இழுக்கும் டிஎம்கள் (ஆட்டத்தை நடத்துபவர்கள்) உண்டு, நான் அனுமதித்துவிடுவேன். ஸ்லாட்டை மிச்சம் பிடிக்க ரிச்சுவலாக (சடங்காக) போடாதீர்கள். அதற்குப் பத்து நிமிடம் கூடுதலாகும், கெடு போயே போச்சு. அப்புறம், பிணத்தின் கண்கள்மேல் வைத்த செப்புக்காசுகள் கடைசிவரை அங்கேயே இருக்க வேண்டும். குதிரையில் குப்புறக் கட்டிக்கொண்டு போனால் காசு எங்கே நிற்கும்? காம்பொனன்ட் (ஸ்பெல்லுக்கு வேண்டிய பொருள்) வரியைப் படியுங்கள்.

50 பொற்காசு வைரத்தை நண்பனிடம் 300 கொடுத்து வாங்கினேன். இப்போது அது 300 பொற்காசு வைரம்தானே?

இல்லை. மாதம் தவறாமல் யாராவது இதைக் கேட்கிறார்கள், ஏதோ புதையல் கண்டெடுத்த மாதிரி. ரிவிவிஃபை கேட்கும் ‘300 பொற்காசு மதிப்பு’ என்பது கல்லின் மதிப்பு, நீங்கள் கொடுத்த காசு அல்ல. கொடுத்த காசுதான் கணக்கென்றால், டிராகன் குகையில் சும்மா கிடைத்த வைரத்துக்கு மதிப்பே இல்லை. பேரம் பேசி விலையைக் குறைத்தவனின் ஸ்பெல் தோற்றுப்போகும். மதிப்பைச் சொல்வது டிஎம், உங்கள் நண்பன் அல்ல.

இன்னொன்றையும் கவனிப்பதில்லை. ரிவிவிஃபை ‘வைரங்கள்’ என்கிறது, பொடிக் கற்களைக் கூட்டிக் கணக்குக் காட்டலாம். செத்தவரை எழுப்பும் இன்னொரு ஸ்பெல்லான ரெய்ஸ் டெட் கேட்பது 500 பொற்காசு பெறும் ஒற்றைக் கல். ரெசரெக்‌ஷனுக்கும் ஒற்றைக் கல்தான், 1000. பொருள்களை உருவாக்கும் கிரியேஷன் ஸ்பெல்லில் வைரம் செய்துகொள்ளலாமே என்கிறார் இன்னொருவர். அப்படிச் செய்த பொருளைக் காம்பொனன்டாக வைத்தால் ஸ்பெல் தோற்கும் என்று அந்த ஸ்பெல்லிலேயே எழுதியிருக்கிறது. காம்பொனன்ட் வரியை மட்டுமல்ல, ஸ்பெல்லையும் முழுசாகப் படியுங்கள்.

விஷ் இருந்தால் வைரமே வேண்டாமா?

வேண்டாம், விஷ் மற்ற ஸ்பெல்களை நகலெடுக்கும், ஆனால் எட்டாம் லெவல் வரைதான். ட்ரூ ரெசரெக்‌ஷன் ஒன்பது.

வயதாகிச் செத்தவரை எழுப்ப முடியுமா?

ரிவிவிஃபை, ரெசரெக்‌ஷன், ட்ரூ ரெசரெக்‌ஷன் மூன்றும் கைவிரித்துவிடும். ட்ரூயிட் (இயற்கைப் பூசாரி) போடும் ரீஇன்கார்னேட்டில் அந்தத் தடை இல்லை. வளர்ந்த ஆளின் புது உடம்பே கிடைக்கும். எந்த இனம் என்பது டைஸ் விட்ட வழி.

ஸ்பெல் வேலை செய்யவில்லை, ஏன்?

எந்த ஸ்பெல் ஐயா?

எதிரியை எழுப்பி விசாரிக்கலாமா?

ஆன்மா சம்மதிக்காவிட்டால் எழாது. கூப்பிடுவது யார் என்பதும் அதற்குத் தெரியும். பிணத்தைப் பேசவைக்கும் ஸ்பீக் வித் டெட் போடுங்கள், ஐந்து கேள்வி கேட்கலாம். தலையை வெட்டி எறிவதற்கு முன் யோசியுங்கள்: பிணத்துக்கு வாய் இருக்க வேண்டும்.