முருகைக்கல் மதில்கள்

கடிதம்:

வணக்கம். என் அம்மம்மா யாழ்ப்பாணக் கடலில் இருக்கிற நெடுந்தீவுக்காரி. அவவின் ஊரைப் பார்க்க வேண்டுமென்று போன மாதம்தான் முதல் தடவையாகப் போனேன். குதிரைகள், ஒல்லாந்தர் கோட்டை, பெருக்கு (பாவோபாப்) மரம், புறாக்கூடு என்று அரை நாளில் காட்டி முடித்துவிட்டார்கள். எல்லாமே வெளியார் விட்டுப்போனவை. எங்கள் ஆட்களின் சரித்திரம் என்று அங்கே ஒன்றுமில்லையா?

ஒரு வாசகி, டொரன்டோ

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் கோட்டைக்குப் போயிருப்பீர்கள். வழி நெடுக இரண்டு பக்கமும் முருகைக்கல் மதில்கள், அதாவது பவளப்பாறைக் கல் மதில்கள், வந்திருக்குமே, அவைதான்.

சாந்து கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. கல்லின் மேல் கல், அவ்வளவுதான். நிலத்தைக் கொத்தினால் மண்ணைவிடக் கல்தான் அதிகம் வரும். அதைப் பொறுக்கி ஓரத்தில் அடுக்கினால் பயிர் வைக்கக் கொஞ்சம் மண் கிடைக்கும், மாடு வராமல் வேலியும் ஆகும். போர்த்துக்கீசரே இந்தத் தீவைப் பசுத்தீவு என்று பொருள்படும் பெயரில்தான் அழைத்தார்கள், அவ்வளவு மாடு. கிட்டப் போய்ப் பார்த்தால் பெரிய கல் அடியில் இருக்கும், சின்னது இடுக்கில் செருகியிருக்கும். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று அந்த ஓட்டைகளுக்குள்ளால் புகுந்து போய்விடும், மதில் சரியாது. இதைக் கட்டியவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. குதிரை வளர்த்த பிரித்தானிய அதிகாரி நோலனின் பெயரை மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் நியாயமான கோபம் உண்டு.

அடுத்தது தண்ணீர். மழைத்தண்ணீர் நிலத்துக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. அளவோடு அள்ளினால் நல்ல தண்ணீர், ஆசைப்பட்டு இறைத்தால் உவர். எந்தக் கிணற்றில் எவ்வளவு அள்ளலாம் என்பது அங்கே தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு. வானம் பொய்த்த வருடங்களில் சனம் வெளியேறியது. கிளிநொச்சிப் பக்கம் குடியேற்றத் திட்டங்களில் காணி கிடைத்துப் போனவர்கள் பலர். பிறகு போர். இன்று ஐயாயிரம் பேர்கூட அங்கே இல்லை.

அப்புறம் படகு. புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஒரு மணி நேரம். அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், பள்ளிக்கூட ஆசிரியர்கள், நோயாளி எல்லாம் ஒரே படகில்தான். 1985 மே 15 அன்று நெடுந்தீவுக்கு ஓடிய குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, அதில் இருந்தவர்களை வெட்டிக் கொன்றார்கள். கொன்றவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் நினைவுகூர்கிறார்கள். அதற்குப் பிறகும் அந்தச் சனம் அதே கடலில், அதே குமுதினியில்தான் போய்வந்தது. வேறு வழி இருக்கவில்லை. நெடுந்தீவைப் பற்றி எழுதுகிற எவரும் இதைத் தாண்டிக் குதிரைக்குப் போகக்கூடாது என்பது என் எண்ணம்.

சரி, நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அம்மம்மாவின் காணி உறுதி வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். காணிக்கு ஒரு பெயர் இருக்கும், ஒல்லாந்தர் காலத் தோம்பு என்ற காணிப் பதிவேட்டிலிருந்தே வருகிற பெயராகக்கூட அது இருக்கலாம். நாலு எல்லையிலும் யார் யார் காணி என்றும் எழுதியிருக்கும். கடல் அடங்கியிருக்கும் மாசியில் அந்தத் தாளோடு திரும்பப் போங்கள். ஊரில் வயதானவர் ஒருவரிடம் காட்டினால் எந்த மதில் உங்களுடையது என்று கூட்டிப்போய்க் காட்டுவார். கண்டுபிடித்தால் எனக்கு எழுதுங்கள்.